பின்னறையில் ஒரு தும்மல்

அவள் வேலை பார்த்தது ஒரு பல் மருத்துவமனையின் வாசல் மேசையில். பெயரை எழுதி, டோக்கன் கொடுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைப்பது வேலை. ஆனால் பாதிப் பேர் அங்கே வந்தது டாக்டரை நம்பி அல்ல, அவள் சொல்லும் ஒற்றைச் சொல்லை நம்பித்தான். "வலிக்காது." கடைவாய்ப் பல்லை வேரோடு பிடுங்கப் போகிறவரிடமும் அதையே சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் டாக்டரே நாற்காலியில் ஏறிப் படுத்துவிடுவார் போலிருக்கும். உள்ளே போய் அலறிவிட்டு வந்தவர்கள்கூட அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. 'வலிக்காதக்கா' என்று பெயர் வைத்ததோடு சரி. நாளாக நாளாக அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

நோயாளிகளிடம் அப்படிச் சொல்வது தொழில். வீட்டிலும் அவள் அப்படித்தான் என்பதுதான் சங்கதி. யார் என்ன விசாரித்தாலும் "எங்களுக்கென்ன, நல்லா இருக்கோம்" என்பாள். ஒருமுறை சமையலறையின் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து அடுப்பின் மேலேயே விழுந்தது. எட்டிப் பார்த்தவர்களிடம், "மேல கொஞ்சம் பாரமா இருந்தது, இப்ப காத்தோட்டமா ஆயிடுச்சு" என்றாள்.

இதற்கு அவளிடம் ஒரு காரணம் உண்டு. சின்ன வயதில் அவளுடைய அப்பாவுக்கு வேலை போனபோது, துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "பரிதாபப்பட வர்றவங்க ஒரு டீ குடிக்காம போகமாட்டாங்க. அந்த டீயையும் நாமதான் போடணும்" என்பாள்.

அவள் கணவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர். ஒரு செருப்புக் கடைக்காக ஆளுயர எழுத்துகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர், கடைசி எழுத்தைக் கட்டிப்பிடித்தபடியே சாரத்திலிருந்து கீழே வந்துசேர்ந்தார். எழுத்துக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு இடுப்பிலும் முதுகிலும் எலும்பு முறிவு. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் மல்லாந்தே கிடக்க வேண்டும், அதன்பிறகு மெல்ல நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வலிக்காதக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸிலேயே கதையை முடிவு செய்துவிட்டாள். கணவருக்கு வெளியூரில் பெரிய கம்பெனி ஒன்றில் போர்டு வேலை. வருவதற்கு நாளாகும். தெருவுக்கும் அதுதான், பல் டாக்டருக்கும் அதுதான், கணவரின் அக்காவுக்கும் அதேதான். அதிலும் அந்த நாத்தனார் விஷயத்தில் அவள் கறாராக இருந்தாள்.

"அவங்களுக்குத் தெரிஞ்சா பெட்டியோட வந்துடுவாங்க," என்றாள் படுத்திருந்த கணவரிடம். "நீங்க எழுந்து நடந்தாலும் அவங்க எழுந்து போகமாட்டாங்க."

அவர் மறுக்கவில்லை. தன் அக்காவைப் பற்றி அவருக்கும் தெரியும்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது மேசை நாற்காலி ஏற்றும் ஒரு வேனில். உட்கார முடியாதவரைப் பலகையோடு படுக்கவைத்து, மேலே போர்வை போர்த்திக் கயிறு கட்டி, இரண்டு ஆட்கள் உள்ளே தூக்கி வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே இருந்தவர் டெலிபோன் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். தெருவுக்கே டெலிபோனம்மா.

"என்னம்மா, புது அலமாரியா?"

"ஆமாம்மா."

"எத்தனை கதவு?"

"ரெண்டு."

போர்வைக்குள் இருந்தவர் வந்த இருமலைப் பாதியில் அடக்கிக்கொண்டார். அலமாரி பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் மூன்றாவது ஆள் மகள். பள்ளியில் கடைசி வருடம். கணக்கில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க வேண்டும் என்று ஆசை. அக்காவின் சம்பளம்தான் இனி வீட்டை ஓட்ட வேண்டும் என்பதால் அவள் வேலையை விட முடியவில்லை. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க, மருந்து கொடுக்க, காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய ஒரு ஆள் வேண்டும். வலி அதிகமான நாட்களில் மகள் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளிக்கு அக்கா லீவ் லெட்டர் எழுதுவாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் குட்டு உடைந்துவிடுமே! அதனால் சொந்தத்தில் கல்யாணம் என்று எழுதினாள். அடுத்த தடவையும் கல்யாணம். அதற்கடுத்த தடவையும் கல்யாணம்தான்.

எல்லாவற்றையும் மறைத்துவிடலாம், தும்மலை மட்டும் எப்படி மறைப்பது? கணவருக்குத் தூசி ஆகாது. விழுவதற்கு முன்பு அவர் தும்மினால் பீரங்கி மாதிரி மூன்று தும்மல் விடாமல் வரும், தெருமுனை வரை கேட்கும். இப்போது தும்மினால் முதுகில் கத்தி செருகியது போலிருந்தது. தும்மல் வரும்போதெல்லாம் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொள்வார். 'ம்ப்' என்று ஒன்றே ஒன்று வரும். அந்த ஒன்றும் வெளியே கேட்கக் கூடாதென்று அக்கா முன்னறை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

வெளியூரில் இருப்பவர் எதுவுமே அனுப்பாவிட்டால் சந்தேகம் வருமே என்று மார்க்கெட்டில் பிஸ்கட் டப்பாக்கள் வாங்கி, "அவர் அனுப்பினார்" என்று தெருவில் கொடுத்தாள்.

ஒருவழியாக அவர் ஊன்றுகோலோடு நடக்கும் நிலைக்கு வந்தார். இனி அவர் ஊர் திரும்ப வேண்டும். ஒருநாள் காலை, தெரு விழிப்பதற்கு முன் பின்வாசல் வழியாகப் பையோடு அவரை அனுப்பிவைத்தாள். அவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வெயில் ஏறியதும் முன்வாசல் வழியாக ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்துசேர்ந்தார். "பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகிடுச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். எதிர்வீட்டு டெலிபோனம்மா மட்டும் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அன்றிலிருந்து அவரை எங்கே பார்த்தாலும், "நல்ல மனுஷன். கடவுள் உங்களுக்குத் துணை இருப்பார்" என்று பெருமூச்சு விட்டார். கால் பிசகியதற்கு இவ்வளவு அனுதாபமா என்று அவருக்குப் புரியவில்லை.

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் மகள் தேறியிருந்தாள், அவ்வளவுதான். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு புள்ளியியல் துறையின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. மூன்றாம் நாள் மகள் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். குடும்பத்தில் ஏற்பட்ட துன்பத்தால் படிப்பு பாதிக்கப்பட்டவர்கள் சிறப்புப் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது.

அக்கா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நமக்கு எதுக்கு? பாவம், கஷ்டப்பட்டவங்களுக்குக் கிடைக்கட்டும்."

"அம்மா," என்றாள் மகள், "அது நாமதான்."

பல்கலைக்கழகத்தில் அதற்கான பிரிவு ஒரு நீண்ட நடையின் கடைசியில், ஜெராக்ஸ் அறையை ஒட்டி இருந்தது. கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாகக் குமாஸ்தா காகிதங்களை வாங்கிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. அப்பா விழுந்தார்னு இதுல தெரியுது. அதனால பொண்ணு படிப்பு கெட்டதுன்னு தெரியலையே. வெளியாளுங்க ரெண்டு பேர் எழுதித் தரணும். ஒண்ணு பள்ளிக்கூடத்துல. இன்னொண்ணு உங்க வீட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க."

"பார்த்தவங்கன்னா?"

"நீங்க கஷ்டப்பட்டதைப் பார்த்தவங்க."

"யாரும் பார்க்கலைங்க."

"கஷ்டப்பட்டீங்கள்ல?"

"பட்டோம். யாரும் பார்க்காம பட்டோம்."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது எப்படிங்க? எங்க வீட்டுல பால் தீஞ்சாலே தெரு பூராத் தெரிஞ்சுபோகுது." அவர் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

முதலில் பள்ளிக்குப் போனார்கள். வகுப்பாசிரியை அவர்களைக் கண்டதும், "வாங்கம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்றுதான் வரவேற்றார்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். ஆசிரியை நம்பவில்லை. எழுந்துபோய் லீவ் லெட்டர் கட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"நீங்களே எழுதியிருக்கீங்க, பாருங்க. 'என் சித்தப்பா மகளின் திருமணத்தில் மணப்பெண்ணுக்குத் துணையாக இவள்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாகக் கேட்பதால்...' அடுத்தது பெரியப்பா பையன். அதுக்கடுத்தது மறுபடியும் சித்தப்பா பொண்ணு."

"அது ரெண்டாவது பொண்ணு," என்றாள் அக்கா, வாய்ப் பழக்கத்தில்.

"உங்களுக்குச் சித்தப்பா இருக்காரா இல்லையா?"

"இல்லைங்க. எங்கப்பா ஒரே பிள்ளை."

ஆசிரியை நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மகளைப் பார்த்து, "கல்யாணப் பைத்தியம்னு உன்னை ஸ்டாஃப் ரூம்ல சொல்லிச் சிரிச்சிருக்கேன்டி," என்றார். முந்தைய வருடம் அவள் எப்படிப் படித்தாள், இந்த வருடம் எத்தனை நாள் வரவில்லை என்று தனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கல்யாணம் எதுவும் நடக்கவில்லை என்று தாயார் இப்போது தெரிவிக்கிறார்" என்பதையும் விடாமல் சேர்த்தார்.

அடுத்தது எதிர்வீடு. நடையைக் கடந்தால் கதவு. அந்த நான்கடியைக் கடக்க அக்காவுக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. சாயங்காலம் மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா," என்று ஆரம்பித்தாள் அக்கா. "போன வருஷம் எங்க வீட்டுப் பின்னறையில..."

டெலிபோனம்மா கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம். குழந்தையை வச்சிக்கிட்டு அதெல்லாம் பேசவேண்டாம். எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"காலம் பூரா காதால பிழைச்சவ நான். எனக்குத் தெரியாதா? முதல் வாரமே தெரியும். யார்கிட்டயும் மூச்சுவிடலை. போனது போகட்டும். உன் வீட்டுக்காரரும் வந்துட்டார். அந்த ஆளும் போயிட்டான். நல்லபடியா குடும்பம் நடத்தற வழியைப் பாரு."

"எந்த ஆளும்மா?"

டெலிபோனம்மா குரலைத் தாழ்த்தினார். "அதான்... அந்தத் தும்முறவன்."

முதலில் புரிந்தது மகளுக்குத்தான். அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அக்காவுக்குப் புரிய இன்னும் ஒரு நொடி ஆயிற்று.

"அய்யோ! அது அவர்தாம்மா!"

"எவர்?"

"எங்க வீட்டுக்காரர்!"

"யார்கிட்ட கதை விடுறே? உன் வீட்டுக்காரர் தும்மல் எனக்குத் தெரியாதா? அது மூணு வெடி. இது ஒண்ணு. அதுவும் அமுக்கின தும்மல். பயந்து ஒளிஞ்சிருக்கிறவன் தும்மல்."

"முதுகு வலிக்கும்னு தலையணையால அமுக்குவார்மா!"

டெலிபோனம்மா ஒப்புக்கொள்ளவில்லை. தன் காதை அவ்வளவு சுலபத்தில் அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில் பரிசோதனை ஒன்றுதான் வழி என்றாயிற்று. கணவரைப் பின்னறைக் கட்டிலில் பழையபடி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். டெலிபோனம்மா தன் வீட்டு வாசலில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மகள் பரண்மேல் கிடந்த பழைய பையை எடுத்து அப்பாவின் மூக்குக்கு நேராக உதறினாள்.

அவர் கண்கள் சுருங்கின. தலையணையைப் பாய்ந்து பிடித்தார்.

'ம்ப்.'

"அவனேதான்!" என்று நடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மறுநிமிடம் டெலிபோனம்மா பின்னறை வாசலில் நின்றார். கட்டிலில் கிடந்தவரையும் தலையணையையும் மாறிமாறிப் பார்த்தார். மெல்ல ஒவ்வொன்றாக அவருக்குத் தெளிவானது.

"அப்போ அன்னைக்கு வந்த அலமாரி?"

"அதுவும் அவர்தான்," என்றாள் அக்கா.

"அதான் கதவு ரெண்டுன்னு சொன்னப்போ அது இருமின மாதிரி இருந்தது!"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பரிதாபம் வேண்டாமென்று அவ்வளவு பாடுபட்டுப் பூட்டிவைத்த வீட்டைப் பற்றி எதிர்வீடு என்ன நினைத்திருக்கிறது!

"என்னைப்போய் நீங்க அப்படியா நெனச்சீங்க?"

"நெனச்சேன். தப்புதான்," என்றார் டெலிபோனம்மா. "ஆனா நினைக்கிறதுக்கு நீ எனக்கு வேற என்னம்மா குடுத்தே? பிஸ்கட் டப்பா குடுத்தே. அதுலயும் நம்ம மார்க்கெட் கடை சீட்டு ஒட்டியிருந்தது." கொஞ்சம் நிறுத்தினார். "தெருவுல யார் தும்மறதுன்னு கேட்டவங்ககிட்ட உடம்பு முடியாத உன் அண்ணன்னு சொல்லிவச்சேன். அதுக்கு மேல என்னால முடியலை."

"எனக்கு அண்ணனே கிடையாதும்மா."

"இப்ப இருக்கான், தெரு பூரா."

எல்லோரும் சிரித்தார்கள். கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் டெலிபோனம்மா மகளின் தலையைத் தடவினார். "நாள் பூரா எதிர்ல சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்? ஒரு தட்டு தட்டியிருந்தா நான் வந்து பார்த்துக்கமாட்டேனா? இவ பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போயிருப்பாளே."

அக்கா எழுந்து டீ போடப் போனாள். அடுப்பின் முன் நின்று மூக்கை உறிஞ்சியது பின்னறை வரை கேட்டது.

வீட்டார் மூவரையும் பல்கலைக்கழகத்துக்கு விசாரணைக்கு அழைத்த தேர்வுக் குழுவிலும் மூன்று பேர். நடுவில் தலைவி, நரைத்த தலை. ஒரு பக்கம் ஒல்லியான பேராசிரியர், மறுபக்கம் எதுவும் பேசாத ஒருவர். தலைவி ஆசிரியையின் கடிதத்தை மனதுக்குள் படித்துவிட்டு, டெலிபோனம்மாவின் கடிதத்தை மற்றவர்களுக்காக உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"'மேற்படி வீட்டின் பின்னறையிலிருந்து ஓர் ஆணின் தும்மல் சத்தம் தொடர்ந்து என் காதில் விழுந்தது. அதை நான் வேறு விதமாக எண்ணினேன். அண்மையில் என் முன்னிலையில் நடத்தப்பட்ட சோதனையில் அந்தத் தும்மல் மேற்படியாளின் சொந்தக் கணவருடையதே என்று உறுதியானது...'"

தலைவி நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார். கடிதத்தில் அலமாரி வந்த இடத்தில் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், காகிதம் நடுங்கியது.

"அலமாரி விஷயம் எனக்கு விளங்கலை," என்றார் ஒல்லிப் பேராசிரியர்.

"நான்தாங்க அது," என்று ஊன்றுகோலோடு எழுந்து நின்றார் கணவர்.

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார். "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க, இல்லையாம்மா?"

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும்..." என்று அக்கா சிரித்த முகத்தோடு ஆரம்பித்ததும் மகள் மேசைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தாள்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். மறுபடி பேசியபோது குரலில் வாசல் மேசையின் 'வலிக்காது' இல்லை.

"அவர் தும்மறது கேட்கக்கூடாதுன்னு ரேடியோவைச் சத்தமா வைப்பேங்க. குறைக்க மறந்துடும். இவ அதுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்து படிப்பா. காதுல பஞ்சு வச்சிக்கிட்டுக் கணக்குப் போட்டா. ஒரு சிநேகிதியைக்கூட வீட்டுக்குக் கூட்டிவர விடலை நான். டீச்சர்கிட்ட சந்தேகம் கேட்கவும் விடலை, பேச்சுல ஏதாவது வெளிய வந்துடும்னு. அவங்கப்பா விழுந்தது எங்க எல்லாருக்கும் கஷ்டம். ஆனா இவ படிப்பைக் கெடுத்தது அது இல்லைங்க. நான்தான்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மிதித்த காலை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அதுவரை பேசாத மூன்றாமவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

"இன்னும் யாருக்காவது தெரியாம ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் தலைவி.

"என் நாத்தனாருக்குத் தெரியாதுங்க," என்றாள் அக்கா. "அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

புள்ளியியலில் இடம் கிடைத்தது. கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகத்தில், காலையில் பஸ் ஏறினால் மதியம் போய்ச் சேரும் தூரத்தில். விடுதியில்தான் தங்க வேண்டும். டெலிபோனம்மா தெருவில் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னார். அண்ணன் என்று ஒருவர் இருந்ததில்லை என்பதையும் அந்தந்த வாசலிலேயே திருத்திவிட்டு வந்தார். செய்தி எப்படியோ நாத்தனாருக்கும் எட்ட, அவர் அடுத்த வாரமே இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார், அக்காவிடம் பேசமாட்டேன் என்று அறிவித்தார், அறிவித்ததிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

மகளைச் சேர்க்கப் போன நாளில் விடுதியின் லிஃப்ட் ஓடவில்லை. அறை நான்காவது மாடி. ஊன்றுகோலோடு வந்த கணவர் கீழே பெட்டிகளுக்குக் காவல் இருந்தார். சுருட்டிக் கட்டிய மெத்தையை அக்கா முன்னாலும் மகள் பின்னாலும் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மெத்தை சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அக்கா இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. மேலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் வாளியோடு இறங்கி வந்தாள்.

"ஏம்மா," என்றாள் அக்கா, படியில் உட்கார்ந்தபடியே. "எனக்கு முடியலை. கொஞ்சம் ஒரு கை பிடிக்கிறியா?"

பின்னால் மெத்தைக்கு அடியில் நின்ற மகளுக்கு அம்மாவின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான் கேட்டது. அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு மெத்தையின் நடுப்பகுதியைத் தோளில் வாங்கிக்கொண்டாள். மூவருமாக அதை நிமிர்த்தித் திருப்பி மேலே கொண்டுபோனார்கள்.